புகையான்... வயலுக்குள்ள ஒரு பிராபபிலிட்டி பாடம்!

கார்த்திகை, மார்கழி மாசத்துல கும்பகோணம், மன்னார்குடி பக்கம் பஸ்ல போயிருக்கீங்களா? ரெண்டு பக்கமும் பச்சைப் பசேல்னு சம்பா. நடுவுல திடீர்னு ஒரு வட்டம் மட்டும் கருகிப்போய், தீ வெச்ச மாதிரி நிக்கும். சுத்தி இருக்கிற பயிருக்கு ஒண்ணுமே ஆகியிருக்காது. அந்த வட்டத்தைப் போட்டவன் பேரு புகையான். புகை பட்ட மாதிரி பயிர் காயுதுல்ல... அதான் அந்தப் பேரு!

அரிசி சைஸ்கூட இல்லாத பழுப்பு நிறத் தத்துப்பூச்சி இது. ஆனா, பூச்சியைவிட அந்த வட்டம்தான் மேட்டரே. ஏன் வயல் முழுக்கக் காயாம, வட்டமா காயுது? ஏன் குறிப்பா இந்த சீசன்ல? மேத்ஸ் பேப்பர்ல பாய்ஸான் டிஸ்ட்ரிபியூஷனைப் பார்த்து, 'இதெல்லாம் எங்கப்பா யூஸ் ஆகப்போகுது'னு புலம்பின ஆளா நீங்க? அப்ப இது உங்களுக்குத்தான்!

சீசன் டிக்கெட்

டெல்டாவுல குறுவை, சம்பா, தாளடினு மூணு பட்டம். ஜூன் 12 மேட்டூர் திறந்தா குறுவை களைகட்டும். சில வருஷம் தண்ணி லேட். 2024-ல ஜூலை 28-தான் திறந்தாங்க. தண்ணி முன்னபின்ன வந்தா நடவும் முன்னபின்ன ஆகும். ஒருத்தர் வயல்ல கதிர், பக்கத்து வயல்ல நாத்து. நமக்கு அது லேட்டு. புகையானுக்கு அது வருஷம் முழுக்கத் திறந்திருக்கிற மெஸ்! முத்தின பயிர்லேர்ந்து இளம்பயிருக்குப் போய்க்கிட்டே இருக்கும்.

அது எப்படிப் போகும்? இதுல ரெண்டு மாடல் உண்டு. சாப்பாடு நல்லா இருந்தா, குட்டை இறக்கையோட பிறக்கும். பறக்காது, ஒரே இடத்துல உக்காந்து முட்டை போட்டே தள்ளும். கூட்டம் நெருக்கி, பயிரும் முத்திப்போச்சுன்னா, அடுத்த தலைமுறை நீள இறக்கையோட வந்து கிளம்பிடும். 1967-ல பசிபிக் நடுக்கடல்ல நின்ன ஜப்பான் வானிலைக் கப்பல் மேலயே கூட்டமா வந்து விழுந்திருக்குன்னா பாத்துக்கங்க!

இப்ப ஒரு சின்னக் கணக்கு. ஒரு பெண் பூச்சி 200 முட்டை போடுதுன்னு வைங்க. பத்துல ஒண்ணுதான் பிழைக்குது. 20 குஞ்சு, அதுல பாதி பெண்: 10. ஒரு தலைமுறைக்குக் கிட்டத்தட்ட ஒரு மாசம். ரெண்டாம் தலைமுறையில 100 பெண், மூணாவதுல 1000. சம்பா அஞ்சு மாசப் பயிர். ஐப்பசியில ஒண்ணு ரெண்டு தத்தினப்ப யாரும் கண்டுக்க மாட்டாங்க. மழை, மூட்டம், ஈரக்காத்து, நெருக்கமா வளர்ந்த பயிர், நிக்கிற தண்ணினு எல்லாம் கூடி வரும்போது, மார்கழியில அது வட்டமா வெளியில தெரியும்.

சராசரி சொல்ற பொய்

ரெண்டு வயல். ரெண்டுலயும் பத்துப் பத்துக் குத்து எண்ணுறீங்க. முதல் வயல்ல ஒவ்வொரு குத்துலயும் 8-லேர்ந்து 12 பூச்சி. சராசரி 10. ரெண்டாவது வயல்ல ஒன்பது குத்துல ஒண்ணுமே இல்ல. ஒரே குத்துல 100. சராசரி அதே 10. ஆனா, ரெண்டும் ஒண்ணா?

ரெண்டாவது வயலுக்கு வேரியன்ஸ் போட்டுப் பாருங்க: 1000. அதை சராசரியால வகுத்தா 100. பூச்சி தன்னிஷ்டத்துக்குச் சிதறிக் கிடந்தா, அதாவது பாய்ஸான்னா, இந்த விகிதம் 1-க்குப் பக்கத்துல வரணும். 1-ஐத் தாண்டினா கும்பல் சேர்ந்திருக்குனு அர்த்தம். குட்டை இறக்கைக்காரி ஒரே இடத்துல குடும்பம் பெருக்குறதால, புகையான் கும்பல் கோஷ்டி. அதான் வட்டம்!

இதுல என்ன ஆபத்துன்னா, வரப்போரமா நாலு குத்தைப் பார்த்துட்டு 'ஒண்ணுமில்ல'னு வந்துட்டா, நடுவயல்ல ஒரு வட்டம் ரெடியாகிட்டிருக்கும். அதனால, வயலுக்குள்ள குறுக்கா நடந்து, பல இடத்துல குத்தை விலக்கி, தண்ணிக்கு மேல அடித்தண்டைப் பார்க்கணும். இலையில தேடினா சிக்காது.

மருந்தே வில்லன் ஆன கதை

பார்த்ததும் மருந்தடிச்சா முடிஞ்சுது கதைனு தோணும். அங்கதான் ட்விஸ்ட்! வயல்ல புகையானைத் தின்ன ஓநாய் சிலந்தியும், அதன் முட்டையை உறிஞ்ச மிரிட் நாவாய்ப்பூச்சியும் இருக்கு. கண்ட மருந்தையும் அடிச்சா முதல்ல சாகுறது இந்த போலீஸ்தான். தண்டுக்குள்ள பத்திரமா இருக்கிற முட்டை பொரிஞ்சு வரும்போது ஊர்ல கேள்வி கேக்க ஆளே இருக்காது. செயற்கை பைரித்ராய்டு மருந்துகளால புகையான் முன்னைவிட அதிகமாகும்னு எச்சரிக்கிறது இதனாலதான்.

இந்தோனேஷியா இதைப் பட்டுத் தெரிஞ்சுக்கிச்சு. 1986-ல நெல்லுக்கு அடிச்சுக்கிட்டிருந்த 57 பூச்சிமருந்துகளை அந்த நாட்டு அரசு ஒரே உத்தரவுல தடை பண்ணுச்சு. விளைச்சல் சரியலை!

நம்ம வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையிலயும் சிலந்திக்கு மார்க் உண்டு. சிலந்தி இல்லாத வயல்ல தூருக்கு ஒரு பூச்சி இருந்தாலே உஷார். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தா, தூருக்கு ரெண்டு பூச்சி வரைக்கும் பொறுக்கலாம். மருந்துக்கு முன்னாடி செய்ய வேண்டியதும் இருக்கு: நடும்போதே எட்டு அடிக்கு ஒரு அடி பட்டம் விடுறது, யூரியாவை அள்ளிக் கொட்டாம இருக்கிறது, தண்ணியை வடிச்சு வடிச்சுக் கட்டுறது. வெளிச்சமும் காத்தும் அடித்தண்டுக்குப் போனா புகையானுக்குப் பிடிக்காது.

எதிர்த்து நிக்கிற ரகம் இல்லையா? இருக்கு. 1971-ல உலகம் அடையாளம் கண்ட எதிர்ப்பு ஜீன்கள்ல ஒண்ணு, நம்ம அம்பாசமுத்திரத்து ஏ.எஸ்.டி. 7 நெல்லுல இருந்தது! ஆனா, எதிர்ப்பு ரகம்னு 1973-ல வந்த ஐ.ஆர். 26-ஐ, ரெண்டு மூணு வருஷத்துலயே பூச்சி பழகித் தின்ன ஆரம்பிச்சிடுச்சு. 1922-லேர்ந்து நெல்லுக்குனே இயங்குற ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்துக்கு வேலை முடியாததுக்கு இதுவும் ஒரு காரணம்.

உங்களுக்கு ஒரு ப்ராஜெக்ட்!

'ட்ரோன் விட்டா தெரிஞ்சுடாதா?'னு கேக்குறீங்களா? மேலேர்ந்து பார்க்கிற ட்ரோனுக்கு, கருகின அப்புறம்தான் வட்டம் தெரியும். அப்ப அந்தக் குத்துகளைக் காப்பாத்த வழியில்ல. பூச்சி இருக்கிறது கீழ, தண்ணிக்கு ஒரு சாண் மேல. சகதியில நடந்து, அடித்தண்டைப் படம் பிடிச்சு, பூச்சியையும் சிலந்தியையும் பிரிச்சு எண்ணி, எங்க கும்பல் சேருதுனு மேப் போடுற ஒரு சின்னக் கருவி... இஞ்சினீயரிங் மக்களே, ஃபைனல் இயருக்குத் தலைப்பு தேடி அலையுறீங்களே, இது எப்படி?

மத்த டிபார்ட்மென்ட் ஆட்களுக்கு இன்னும் ஈஸி. செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போனா, மருந்து டப்பாவோட கிளம்புற சித்தப்பாகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: 'சித்தப்பா, சிலந்தி எத்தனைனு எண்ணினீங்களா?'