நிழலை முந்தும் துப்பாக்கி

லக்கி லூக் காமிக்ஸ் கதைகளைப் படித்தவர்களுக்கு அந்தப் படம் மறக்காது. மஞ்சள் சட்டையும் சிவப்புக் கழுத்துத்துண்டும் போட்ட ஒல்லிப்பிச்சான் கௌபாய் சுட்டே முடித்துவிட்டான். சுவரில் விழும் அவனுடைய நிழலோ இப்போதுதான் இடுப்புத் துப்பாக்கிக்குக் கையைக் கொண்டுபோகிறது. அதன் வயிற்றில் ஓர் ஓட்டை. தன் நிழலைவிட வேகமாகச் சுடுகிறவன் என்ற பேரை நம்ம ஆள் காப்பாற்றிக்கொண்டான்.

இது நடக்கிற காரியமா? கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

முதல் ஆச்சரியம், நிழல் உண்மையிலேயே தாமதமாகத்தான் வருகிறது. ஒளி மறைக்கப்பட்ட இடம்தான் நிழல். நாம் கையை அசைத்த சேதி சுவருக்குப் போய்ச் சேர ஒளிக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் நிழல் பழைய நிலையிலேயே இருக்கும். ஒளி நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. சுவர் 3 மீட்டர் தள்ளியிருந்தால், ஒரு நொடியைப் பத்துக் கோடிக் கூறாக்கி அதில் ஒரு கூறு தாமதம். அதற்குள் லக்கி லூக் கையை 30 சென்டிமீட்டர் உயர்த்தியாக வேண்டும். அப்படியானால் கையின் வேகம் நொடிக்கு 30,000 கிலோமீட்டர், ஒளியில் பத்தில் ஒரு பங்கு. கையும் துப்பாக்கியும் சேர்ந்து ஒன்றரைக் கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த அசைவில் இருக்கும் ஆற்றல் ஹிரோஷிமா குண்டைப்போல் சுமார் பத்து மடங்கு. பக்கத்தில் நிற்கும் அவனுடைய குதிரை ஜாலி ஜம்பர்தான் பாவம். வாயில்லா ஜீவன் என்று சொல்ல முடியாது, அது நன்றாகவே பேசும்.

கையை விட்டாலும் தோட்டா விடாது. அந்தக் காலத்து ரிவால்வர் குண்டு நொடிக்கு ஏறக்குறைய 300 மீட்டர்தான் போகும். 3 மீட்டர் சுவருக்கு நொடியில் நூறில் ஒரு பங்கு ஆகிவிடும். நிழல் அதுவரை அசையாமல் காத்திருக்க வேண்டுமென்றால், மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் நிற்பவரின் நிழல் காஷ்மீரையும் தாண்டி 3,000 கிலோமீட்டருக்கு அப்பால் விழ வேண்டும். சுவரை அங்கே கொண்டுபோனால் தோட்டாவும் அங்கேதான் போயாக வேண்டும். எப்படிச் சுற்றினாலும் ஒளிதான் முந்தும்.

இயற்பியல் கைவிரித்துவிட்டது. ஆனால் படத்தைப் பார்த்ததும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை, சிரித்துவிடுகிறார்கள். ஒரே கட்டத்துக்குள் இரண்டு நேரங்கள் வரையப்பட்டிருக்கின்றன என்பதுதான் சூட்சுமம். ஆள் இருப்பது பிந்திய நொடியில், நிழல் இருப்பது முந்திய நொடியில். சினிமா நொடிக்கு 24 படம் காட்டி அசைவை நமக்கு ஊட்டிவிடுகிறது. காமிக்ஸில் அசைவை உண்டாக்குவது வாசகனின் மூளை. தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் கொடுத்தால் போதும், நடுவிலிருப்பதை அது தானே நிரப்பிக்கொள்ளும். இந்த வித்தை மோரிஸுக்குக் கைவந்ததில் வியப்பில்லை. 1946இல் லக்கி லூக்கை உருவாக்கிய இந்த பெல்ஜியக்காரர் அதற்குமுன் அனிமேஷன் கூடத்தில் வேலை பார்த்தவர். எந்த அசைவை வரைய வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதுதான் அங்கே பாடமே. 1955இல் ஆஸ்டெரிக்ஸ் புகழ் கோசினி கதை எழுத வந்த பிறகு, சாகசத்தோடு நையாண்டியும் கச்சிதமாகச் சேர்ந்துகொண்டது.

பெல்ஜியத்துக் கௌபாய் தமிழ் பேசியது சிவகாசியில். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் திருமங்கலம், விருதுநகர் தாண்டிச் சுமார் 70 கிலோமீட்டர். 1972இல் இரும்புக்கை மாயாவி கதையோடு முத்து காமிக்ஸ் அங்கே தொடங்கியது, 1984இல் லயன் காமிக்ஸ். லக்கி லூக், சிக் பில், டெக்ஸ் வில்லர் என்று பெல்ஜியமும் இத்தாலியும் கற்பனை செய்த அமெரிக்கா, தென்மாவட்டத்துப் பிள்ளைகளின் பள்ளிப் பைக்குள் வந்து சேர்ந்தது. டெக்ஸ் சுட்டால் ஆள் விழுவான், லக்கி லூக் சுட்டால் எதிராளியின் பெல்ட் அறுந்து கால்சட்டைதான் விழும். எனக்குப் பின்னவன்தான் பெரிய வீரன்.

கையில் லக்கி லூக்கின் வண்ணப் பிரதி இருந்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். வானத்தில் நீலப் புள்ளிகள், முகத்தில் மஞ்சளும் மெஜந்தாவும் கலந்த பொடிப் புள்ளிகள். சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளில்தான் அத்தனை நிறமும். லக்கி லூக்கின் சட்டையில் மட்டும் பெரும்பாலும் புள்ளியே தெரியாது, மஞ்சள் மை முழுசாக அப்பியிருக்கும். கழுத்துத்துண்டு அதே மஞ்சளின்மேல் மெஜந்தா, மேல்சட்டை கறுப்பு. அச்சு மைக்கென்றே தைத்த உடுப்பு! பெல்ஜியக் கொடியின் நிறங்களும் கறுப்பு, மஞ்சள், சிவப்புதான்.

நான்கு மையும் ஒன்றன்மேல் ஒன்று கச்சிதமாக உட்கார வேண்டும். அச்சகத்தில் இதை ரிஜிஸ்டர் என்பார்கள். ரிஜிஸ்டர் தப்பினால் சட்டை ஓரிடம், ஆள் ஓரிடம். இதற்கு மெஷினை மட்டும் குறை சொல்ல முடியாது. தாள் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து விரியும். ஒரு நிறத்துக்கும் அடுத்த நிறத்துக்கும் நடுவே பெரிய தாள் அரை மில்லிமீட்டர் விரிந்தாலே கண் கண்டுபிடித்துவிடும். 1920களில் சிவகாசிக்காரர்களான ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலுக்கு ஒத்துழைத்த அந்த ஊரின் வறண்ட காற்று, அந்தப் பெட்டிகளின் லேபிள்களால் வளர்ந்த அச்சுத் தொழிலுக்கும் ஒத்தாசையாக இருந்தது. மழைக்காலத்தில் மட்டும் அந்தச் சலுகை கிடைக்காது, தாள் கட்டை அச்சேற்றும் நேரம்வரை பிரிக்காமல் வைத்திருப்பதுதான் வழி.