ஒரே நினைவகம், இரண்டு பாடங்கள்

(எங்கள் மாதாந்திர இணையவழிச் சந்திப்பில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்தச் சந்திப்பில் வழக்கமாக நாவல்களைப் பற்றியும் கவிதைகளைப் பற்றியும் பேசுவோம். இந்த மாதம் ஒருங்கிணைப்பாளர் என்னிடம், "நீங்கள் வேலையில் என்னதான் செய்கிறீர்கள் என்று எங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்களேன்" என்றார். நான் ஜெர்மனியில் சிறு மின்னணுக் கருவிகளுக்குள் ஓடும் மென்பொருளை எழுதுபவன். அது என்ன வேலை என்று என் வீட்டிலேயே இன்னும் முழுதாக விளக்க முடிந்ததில்லை. அதனால் ஒரு சம்பவத்திலிருந்து தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலைபார்த்த ஒரு நிறுவனம் முதியோர் இல்லங்களுக்காக ஒரு கேமராக் கருவியைச் செய்தது. படுக்கையில் இருக்கும் முதியவரின் காயத்தையோ தோல் சிவப்பையோ செவிலியர் அந்தக் கேமராவில் காட்டுவார். வேறு ஊரில் இருக்கும் மருத்துவர் அதைப் பார்த்து ஆலோசனை சொல்வார். ஒருநாள் ஒரு செவிலியரிடமிருந்து படம் ஒன்று வந்தது. முதியவர் ஒருவரின் காலில் இருந்த புண்ணின் படம். சிவந்த இடத்தின் குறுக்கே மெல்லிய, வெளிறிய கோடுகள். அவர் கேட்டிருந்த கேள்வி ஒன்றுதான்: "இந்தக் கோடு தோலில் இருக்கிறதா, படத்தில் இருக்கிறதா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எங்களுக்கு ஐந்து வாரங்கள் ஆயின. ஏன் அவ்வளவு நாள் என்பதுதான் இன்றைய பேச்சு.

இப்போது என்னை நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் அல்லவா? என் முகம் உங்களிடம் வரும் வழியை யோசியுங்கள். கேமராவின் சென்சார் ஒளியைப் பிடிக்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் ஒரு வன்பொருள் பகுதி அந்த ஒளியைப் படமாக்குகிறது. இன்னொரு பகுதி, அதை என்கோடர் என்போம், படத்தைச் சுருக்குகிறது. பிறகுதான் வைஃபை. உங்கள் பக்கத்தில் இதே பயணம் தலைகீழாக நடக்கிறது. இந்தப் பகுதிகள் ஒவ்வொன்றும் தனித்தனி எந்திரம் போலத்தான். ப்ராசஸர் என்று நாம் சொல்லும் மூளை இவற்றுக்கு வேலை கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அவை நினைவகத்தில் நேரடியாக எழுதும், நேரடியாகப் படிக்கும். இதற்கு டிஎம்ஏ என்று பெயர்.

ஒரு படம் எவ்வளவு பெரியது? 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் கொண்ட படம், காணொளிகளுக்கு வழக்கமான அமைப்பில், 31,10,400 பைட். விநாடிக்கு 30 படம் என்றால் சுமார் 93 மெகாபைட். கேமரா தன் நினைவகத்தில் எழுதி, அதை என்கோடரின் நினைவகத்துக்கு ஒரு தடவை நகலெடுத்து, திரைக்கு இன்னொரு தடவை நகலெடுத்தால், கருவி நாள் முழுக்க நகலெடுத்தே சூடாகிவிடும். பேட்டரியும் தீர்ந்துவிடும். ஆகவே யாரும் நகலெடுப்பதில்லை. நினைவகத்தில் ஓர் இடத்தை ஒதுக்கி, அதை எல்லோரும் பகிர்ந்துகொள்வார்கள். அந்த இடத்தைத்தான் பஃபர் என்கிறோம்.

லினக்ஸில் இந்தப் பகிர்வுக்கு ஒரு பொது ஏற்பாடு 2012இல் வெளியான 3.3 பதிப்பில்தான் வந்தது. டிஎம்ஏ-பஃப் என்று பெயர். சுமித் செம்வால் என்ற பொறியாளர் எழுதிய நிரல். அதற்கு முன் கேமராவுக்கு ஒரு உலகம், திரைக்கு ஒரு உலகம். ஒன்றின் பஃபர் இன்னொன்றுக்குத் தெரியாது. டிஎம்ஏ-பஃப் செய்தது எளிமையான காரியம். பஃபரை வைத்திருக்கும் டிரைவர் அதற்கு ஓர் எண்ணைக் கொடுக்கும். நாம் ஒரு கோப்பைத் திறந்தால் கிடைக்கும் அதே மாதிரி எண். அந்த எண்ணை என்கோடரிடம் கொடுத்தால், "ஓ, அந்த இடமா" என்று அதுவும் அதே நினைவகத்தை எடுத்துக்கொள்ளும். கோயில் வாசலில் செருப்பை விட்டு டோக்கன் வாங்குவது போலத்தான். டோக்கன் கைமாறும். செருப்பு இருந்த இடத்திலேயே இருக்கும்.

பகிர்வு இத்தோடு முடிந்திருந்தால் எனக்கு வேலையே இருந்திருக்காது. தொல்லை கொடுப்பது கேஷ்.

அந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இது இலக்கியக் கூட்டம் என்பதால். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மாரிஸ் வில்க்ஸ் 1965இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில், பெரிய, மெதுவான நினைவகத்துக்கும் ப்ராசஸருக்கும் இடையே சிறிய, வேகமான நினைவகம் ஒன்றை வைக்கலாம் என்றார். அவர் அதற்கு வைத்த பெயர் 'அடிமை நினைவகம்'. ஐபிஎம் 1968இல் அறிவித்த சிஸ்டம்/360 மாடல் 85 கணினியில் அந்த யோசனை விற்பனைக்கு வந்தது. அப்போதுதான் 'கேஷ்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஒளித்துவைப்பது என்ற பொருள் தரும் பிரெஞ்சு வேரிலிருந்து வந்த சொல். பதுக்கல் என்று நாம் சொல்லலாம். எனக்கு இந்தப் பெயர்தான் பொருத்தமாகப் படுகிறது, ஏனென்றால் நான் தேடிய பிழை உண்மையிலேயே பதுங்கித்தான் இருந்தது.

ப்ராசஸர் ஒரு பைட்டைக் கேட்டால் கேஷ் அந்த ஒன்றை மட்டும் கொண்டுவராது. அக்கம்பக்கத்தையும் சேர்த்து ஒரு வரியாகக் கொண்டுவரும். இன்றைய பெரும்பாலான ப்ராசஸர்களில் அந்த வரி 64 பைட். ப்ராசஸர் எதையாவது எழுதினாலும் அது முதலில் இந்தப் பதுக்கலில்தான் விழும். உண்மையான நினைவகத்துக்கு அது எப்போது போய்ச் சேரும்? இடம் போதாமல் அந்த வரியை வெளியேற்ற நேரும்போது. ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் நடக்கலாம், நெடுநேரம் கழித்தும் நடக்கலாம்.

இங்கேதான் ஒரே நினைவகத்துக்கு இரண்டு பாடங்கள் உருவாகின்றன. சுவடிப் பதிப்பில் பாடபேதம் என்கிறோமே, அதேதான். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. பல ஊர்ச் சுவடிகளை அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். எந்திரத்துக்குள் ஒப்பிட யாரும் இல்லை. ப்ராசஸர் பார்ப்பது பதுக்கலில் இருக்கும் பாடம். கேமராவும் என்கோடரும் பார்ப்பது நினைவகத்தில் இருக்கும் பாடம். தன்னிடம் இருப்பதே மூலம் என்று இரு தரப்பும் நம்புகின்றன.

தவறு இரண்டு திசைகளில் நடக்கலாம். ப்ராசஸர் எழுதியது நினைவகத்துக்கு வரும் முன்பே என்கோடர் படித்துவிட்டால், அது பழையதைப் படிக்கிறது. கேமரா நினைவகத்தில் புதிதாக எழுதியபின், ப்ராசஸர் தன் பதுக்கலில் இருக்கும் பழைய நகலைப் பார்த்தால், அதுவும் பழையதைப் படிக்கிறது. இரண்டுக்கும் மருந்து உண்டு. முதலாவதற்கு, பதுக்கலில் இருப்பதை நினைவகத்துக்குத் தள்ளிவிட வேண்டும். இரண்டாவதற்கு, பதுக்கலில் இருக்கும் நகலைச் செல்லாது என்று தூக்கியெறிய வேண்டும்.

தூக்கியெறிவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கேமரா எழுதத் தொடங்கும் முன் ஒருமுறை சுத்தம் செய்தால் போதாது. இன்றைய ப்ராசஸர்கள் நாம் கேட்காததையும் "இது அடுத்துத் தேவைப்படலாம்" என்று ஊகித்து முன்கூட்டியே எடுத்துவந்து வைத்துக்கொள்கின்றன. கேமரா பாதி எழுதியிருக்கும்போது அப்படி எடுத்துவந்தால், பழையது மறுபடி பதுக்கலுக்குள் வந்துவிடும். அதனால் கேமரா எழுதி முடித்தபிறகும் ஒருமுறை தூக்கியெறிய வேண்டும்.

உரையாடல் பெட்டியில் ஒரு நண்பர் கேட்கிறார்: "என் மேசைக் கணினியில் இந்தப் பிரச்சினை வந்ததே இல்லையே?" நல்ல கேள்வி. இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர் உள்ள மேசைக் கணினிகளில் பெரும்பாலும் வன்பொருளே இதைப் பார்த்துக்கொள்ளும். ஒரு கருவி நினைவகத்தைத் தொட்டால், யார் பதுக்கலில் அதன் நகல் இருக்கிறது என்று விசாரித்துச் சரிசெய்துவிடும். அந்த விசாரணைக்கு மின்சாரம் வேண்டும், சிலிக்கானில் இடம் வேண்டும். கைக்கடக்கமான கருவிகளுக்காகச் செய்யப்படும் ஏஆர்எம் சில்லுகள் பலவற்றில் கேமரா போன்ற பகுதிகளுக்கு அந்த வசதி இருக்காது. அந்தப் பொறுப்பு மென்பொருளின் தலையில் விழும். நாங்களும் எங்கள் நிரலை முதலில் மேசைக் கணினியில்தான் ஓட்டிப் பார்த்தோம். அங்கே ஒரு குறையும் இல்லை.

செவிலியர் அனுப்பிய படத்துக்கு வருகிறேன். முதல் மூன்று வாரங்கள் நாங்கள் சென்சாரைச் சந்தேகித்தோம். பிறகு லென்ஸ், பிறகு கம்பி. நேரலைக் காட்சியில் கோடு தெரியவே இல்லை, சேமித்த நிழற்படத்தில் மட்டும் எப்போதாவது வந்தது. என்ன நடக்கிறது என்று பார்க்க நிரலில் சில செய்திகளை அச்சிட வைத்தால், கோடு மறைந்துவிடும். எடுத்துவிட்டால் மறுபடி வரும்.

நான்காவது வாரம் ஒருநாள் மாலை, வேறு வழி தெரியாமல், படத்தைப் பெரிதாக்கிக் கோடுகளை எண்ணினேன். ஒவ்வொரு கோடும் சரியாக 64 புள்ளி அகலம், 2 புள்ளி உயரம். ஒவ்வொன்றும் 64இன் மடங்கில்தான் தொடங்கியது. எல்லாமே படத்தின் கீழ்ப் பாதியில். கோடு இருந்த இடத்தில் வெளிச்சம் சரியாக இருந்தது, நிறம் மட்டும் போயிருந்தது. தோலில் வரும் எந்த நோயும் 64 புள்ளி அகலத்தில் வராது. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

விடை எங்கள் 'இடைநிறுத்து' பொத்தானில் இருந்தது. முதியவருக்கு உடை மாற்றும்போது செவிலியர் அதை அழுத்துவார். அப்போது கேமரா படத்துக்குப் பதிலாக ப்ராசஸரே பஃபர் முழுக்கக் கறுப்பை நிரப்பும். இந்தப் பட அமைப்பில் முதலில் எல்லாப் புள்ளிகளின் வெளிச்சமும், அதன்பின் நிறமும் இருக்கும். நான்கு புள்ளிகளுக்கு ஒரு நிறம், அதற்கு இரண்டு பைட். ஆக 64 பைட் கொண்ட ஒரு கேஷ் வரி, 64 புள்ளி அகலமும் 2 புள்ளி உயரமும் உள்ள இடத்தின் நிறம். கணக்கு பொருந்தியது.

கீழ்ப் பாதி ஏன்? எங்கள் சில்லின் கேஷ் 512 கிலோபைட். மூன்று மெகாபைட்டுக்கு மேற்பட்ட கறுப்பை எழுதும்போது, முதலில் எழுதியவை இடமில்லாமல் தாமாகவே நினைவகத்துக்குப் போய்விடும். கடைசியாக எழுதிய 512 கிலோபைட் அளவுக்குத்தான் பதுக்கலில் தங்கும். கடைசியில் இருப்பது நிறம், அதிலும் கீழ்ப் பாதியின் நிறம்: 5,18,400 பைட். செவிலியர் பொத்தானை விடுவித்ததும் அந்தப் பஃபர் கேமராவிடம் போனது. கேமரா புண்ணின் படத்தை நினைவகத்தில் எழுதியது. அதற்குப் பிறகு, ப்ராசஸர் வேறு வேலைக்கு இடம் தேடியபோது, பதுக்கலில் எஞ்சியிருந்த 'நிறமின்மை' வரிகள் சில வெளியேறி, புண்ணின் சிவப்பின் மேல் போய் விழுந்தன. விநாடிக்கு 30 படம் ஓடும் காட்சியில் அந்த ஒரு படம் கண்ணில் படாது. ஆனால் பொத்தானை விடுவித்த உடனே கருவி தானாக ஒரு நிழற்படம் எடுத்து ஆவணத்தில் சேர்த்தது. மாட்டியது அந்தப் படம். நாங்கள் செய்திகளை அச்சிட்டபோது, அச்சிடும் வேலையே பதுக்கலைத் துடைத்துவிட்டது. அதனால்தான் பிழை எங்களைப் பார்த்து ஒளிந்துகொண்டது.

இது நிகழாமல் தடுக்க டிஎம்ஏ-பஃபில் வழி உண்டு. பயன்பாட்டு நிரல் பஃபரைத் தொடும் முன் "நான் தொடங்குகிறேன்" என்றும், தொட்டு முடித்தபின் "நான் முடித்துவிட்டேன்" என்றும் கெர்னலிடம் சொல்ல வேண்டும். 2016இல் 4.6 பதிப்பில் இந்த அழைப்பு சேர்ந்தது. 'முடித்துவிட்டேன்' என்றதும் கெர்னல் பதுக்கலைக் காலிசெய்து நினைவகத்தில் சேர்க்கும். சொல்லாவிட்டால்? கெர்னலுக்குத் தெரிய வழியே இல்லை. நினைவகத்தை நிரலின் கையில் கொடுத்தபின், அது எப்போது எழுதுகிறது என்பதை யாரும் கூடவே நின்று பார்ப்பதில்லை. எங்கள் நிரலில் 'தொடங்குகிறேன்' இருந்தது. 'முடித்துவிட்டேன்' இல்லை. எழுதியவர் யார் என்று தேடிப் பார்த்தேன். நான்தான்.

ஒரு சக ஊழியர், பதுக்கலே வேண்டாம், அந்தப் பஃபரை மட்டும் கேஷ் இல்லாமல் வைத்துவிடுவோம் என்றார். செய்யலாம். எழுதுவதற்கு அவ்வளவு நட்டமில்லை, ஆனால் அதிலிருந்து ப்ராசஸர் படிக்க நேர்ந்தால் எறும்பு ஊர்வது போலாகிவிடும். இன்னொருவர், பாதுகாப்புக்கு ஒவ்வொரு படத்துக்கும் முழுப் பதுக்கலையும் துடைப்போம் என்றார். ஒரு படத்தில் 48,600 கேஷ் வரிகள், விநாடிக்கு 30 முறை. ப்ராசஸர் தொடாத படத்துக்கும் இந்தச் செலவு எதற்கு? பகிர்ந்துகொள்வது என்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் கைவைப்பது என்று நானும் பல வருடம் நினைத்திருந்தேன். இங்கே அது கைமாற்றிக் கொடுப்பது. இப்போது யார் கையில் இருக்கிறது என்பது தெளிவாக இருந்தால், துடைக்க வேண்டிய நேரமும் தெளிவாகிவிடும்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்றும் இருக்கிறது. கேமரா எழுதி முடித்துவிட்டதா என்பது வேறு கேள்வி. அதற்கு ஃபென்ஸ் என்ற தனி ஏற்பாடு உண்டு. ஃபென்ஸ் நேரத்தைச் சொல்லும். நீங்கள் பார்க்கும் பாடம் மூலமா என்பதை அது சொல்லாது.

திருத்தம் ஐந்தே வரிகள். அடுத்த வாரமே எல்லாக் கருவிகளுக்கும் போனது. ஆனால் ஏற்கெனவே ஆவணத்தில் சேர்ந்த படங்களைத் திருத்த முடியாது, போன நிறம் எங்குமே சேமிக்கப்படவில்லை. இடைநிறுத்தத்துக்குப் பின் எடுத்த முதல் படங்களை நம்ப வேண்டாம், தேவைப்பட்டால் மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள் என்று எல்லா இல்லங்களுக்கும் கடிதம் அனுப்பினோம். அந்தச் செவிலியருக்கு மட்டும் நானே எழுதினேன்: கோடு படத்தில்தான் இருந்தது, தோலில் இல்லை. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அவர் அதை முதல் நாளே நேரில் பார்த்துத் தெரிந்துகொண்டாராம். மருத்துவருக்குத்தான் தெரிய வேண்டியிருந்தது என்று எழுதியிருந்தார்.