ஆழியாறு தாண்டி நாற்பது வளைவுகள்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குச் சுமார் 65 கிலோமீட்டர். ஆழியாறு அணையை ஒட்டிய சோதனைச் சாவடியைத் தாண்டியதும் மலை தொடங்கிவிடும். வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகையோடு சாலை நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறுகிறது. கோவை, திருப்பூர்ப் பக்கத்து பைக்காரர்களுக்கு இது என்றைக்கும் ஒரு நாள் பயணம்தான். விடியுமுன் கிளம்பினால் மதியச் சாப்பாடு வால்பாறையில், இருட்டுமுன் மீண்டும் அடிவாரம். எண்பதுகளின் நடுவில் இந்த வழியில் ஏறத் தொடங்கிய நான் இன்றும் ஏறிக்கொண்டிருக்கிறேன். வளைவுகள் அதே நாற்பதுதான். வண்டி, ஓட்டுபவர், அடிவாரத்துக் கெடுபிடி என்று மற்றதெல்லாம் மாறிவிட்டது.

அன்று பயணம் முதல் நாள் இரவே தொடங்கிவிடும். ராஜ்தூத் என்றாலும் யெஸ்டி என்றாலும் பிளக்கைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். சீட்டுக்கு அடியில் மாற்று பிளக், பிளக் ஸ்பேனர், ஒரு கிளட்ச் ஒயர், ஒரு ஆக்ஸிலேட்டர் ஒயர், பஞ்சர் ஒட்டும் சாமான், பழைய துணி எல்லாம் இருக்கும். டூ ஸ்ட்ரோக் வண்டிக்காரர் 2டி ஆயில் பாட்டில் ஒன்றையும் மறக்க மாட்டார். ரெயின்கோட்டு வைத்திருந்தவர்கள் குறைவு. பனிக்குச் சட்டைக்குள் நெஞ்சை ஒட்டிச் செய்தித்தாளை மடித்து வைத்துக்கொள்வோம், தலைக்குக் குரங்குக் குல்லாய். ஹெல்மெட் போட்டவரைக் கண்டால் ‘எந்த ஊர்?’ என்று கேட்கத் தோன்றும் காலம் அது.

கோவையிலிருந்து பொள்ளாச்சி வரை இரண்டு பக்கமும் புளியமரங்கள் கவிந்த ஒற்றைச் சாலை. கிணத்துக்கடவில் இட்லி. ஆழியாறு வந்ததும் எதிரில் மலை சுவராக எழுந்து நிற்கும், அங்கே வண்டியைத் தொட்டுப் பார்ப்பது வழக்கம். என்ஜின் சூடு, பிரேக் ஒயரின் இழுப்பு, செயினின் தொய்வு மூன்றும் சரியாக இருந்தால்தான் மேலே போவோம்.

ஏற்றத்தில் இரண்டாவது கியர், சில வளைவுகளில் முதல் கியர். பின்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தால் டூ ஸ்ட்ரோக் என்ஜின் எட்டு ஒன்பது வளைவுக்குள் சூடேறித் திணறும். அதை ஆறவைக்க நிறுத்தித்தான் ஆகவேண்டும். ஒன்பதாவது வளைவில் இருக்கும் லோம்ஸ் காட்சிமுனையை எங்களில் பலர் அப்படித்தான் கண்டுகொண்டோம். வண்டி ஆறும்வரை வேறு வேலை இல்லை. கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் முழுதாகத் தெரியும், அதற்கு அப்பால் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகள். பாறைச் சரிவில் வரையாடுகள் மேயும். முதலில் பாறையின் நிறத்திலிருந்து ஆட்டைப் பிரித்துப் பார்க்கவே கண்ணுக்கு நேரம் பிடிக்கும். ஒன்றைக் கண்டபின் ஏழெட்டு தெரியும். வண்டி சூடாகாமல் இருந்திருந்தால் அந்த நேரத்தை நாங்கள் கொடுத்திருப்போமா என்பது சந்தேகம்தான்.

இறக்கம்தான் உண்மையான சோதனை. எல்லாம் டிரம் பிரேக். தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கினால் லைனிங் சூடாகி, மிதி கீழே போகும், வண்டி நிற்காது. டூ ஸ்ட்ரோக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியைப்போல அதன் என்ஜின் இழுத்துப் பிடிக்காது. ராஜ்தூத் போன்ற வண்டிகளில் ஆயில் பெட்ரோலோடு கலந்தே வருவதால், ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடி நெடுந்தூரம் இறங்கினால் பிஸ்டனுக்குப் போகும் எண்ணெயும் குறையும். அதனால் இடையிடையே லேசாக முறுக்கிவிட்டுக்கொண்டே இறங்குவார்கள். பெட்ரோலை மிச்சப்படுத்த என்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருபவர்களும் இருந்தார்கள். பொள்ளாச்சியில் ஒரு வயதான மெக்கானிக் இளவட்டங்களைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார்: “தம்பி, ஏறுன கியர்லயே எறங்கோணும். நியூட்ரல்ல உட்டீன்னா வண்டி உன்ற பேச்சக் கேக்காது.” மலைச்சாலைப் பாடம் முழுவதும் அந்த இரண்டு வரிக்குள் இருக்கிறது.

1985-க்குப் பிறகு யமஹா ஆர்எக்ஸ் 100, ஹீரோ ஹோண்டா சிடி 100 எல்லாம் வந்து நிலைமை கொஞ்சம் மாறியது. ஆர்எக்ஸ் 100 ஏற்றத்தில் பறந்தது, சிடி 100 பெட்ரோலைக் குடிக்காமல் ஏறியது. 1996-இல் ஆர்எக்ஸ் 100 நின்றது. 2000-ஐ ஒட்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது டூ ஸ்ட்ரோக் பைக்குகளின் காலமே முடிவுக்கு வந்தது.

பெரிய பாய்ச்சல் அதற்கும் பிறகுதான். 125 சிசிக்கு மேற்பட்ட புதிய பைக் எல்லாவற்றுக்கும் 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தது, கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்து ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. மலைக்கு இது சாதாரண மாற்றம் அல்ல. உயரம் கூடக்கூடக் காற்றின் அடர்த்தி குறையும். பழைய கார்புரேட்டர் அதை அறியாமல் சமவெளிக்கு வைத்த அளவிலேயே பெட்ரோலை ஊற்றும், பிளக்கில் கரி படியும், இழுவை குறையும். 7,000 அடிக்கு மேலுள்ள ஊட்டியில் இது நன்றாகவே தெரியும். இன்றைய வண்டி காற்றை அளந்து பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்கிறது. ஈரச் சாலையில் பதறிப்போய் பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாது. அந்தக் காலத்தில் இந்த ஏபிஎஸ் இருந்திருந்தால் இன்று நம்மோடு இருந்திருக்கக்கூடிய முகங்கள் சில என் நினைவுக்கு வருகின்றன. 2015 ஜூலையில் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் ஹெல்மெட் கண்டிப்பாக்கப்பட்டதையும் நான் முழு மனதோடு வரவேற்றேன்.

பெண்கள் தனியாகவும் கூட்டாகவும் இந்த வளைவுகளில் ஏறிப் போவது இன்று அன்றாடக் காட்சி. எங்கள் காலத்தில் பெண் என்றால் பின்சீட்டுதான். கிக்கரை உதைக்கத் தெம்பு வேண்டும் என்ற சாக்கை செல்ஃப் ஸ்டார்ட் ஒழித்தது. வீட்டாரின் சாக்குகளை அந்தப் பெண்களே ஒழித்தார்கள். இந்த அன்றும் இன்றும் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஆனால் வண்டிக்குக் களைப்பு போய்விட்டதோடு வேறொன்றும் போய்விட்டது. பொள்ளாச்சி வரை நான்கு வழிச்சாலை, பெரிய புளியமரங்கள் இல்லை. அந்த வேகம் கையிலேயே தங்கிவிட, அதோடு மலை ஏறுகிறார்கள். நாற்பது வளைவையும் எங்கும் நிறுத்தாமல் ஏறிவிடலாம், ஏறுகிறார்கள். ஹெல்மெட்டில் கேமரா, காதில் இன்டர்காம். கீழ் வளைவில் அரசுப் பேருந்து அடிக்கும் ஹாரன் மேலே உள்ள ஓட்டுநருக்குக் கேட்பதில்லை. பேருந்து அந்த வளைவைத் திரும்ப முழுச் சாலையும் வேண்டும். ஏறிவரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது நம் போக்குவரத்து விதியிலேயே இருக்கிறது. ஏற்றத்தில் நின்றுவிட்டால் மறுபடி நகர்வது கடினம் என்பதே காரணம். அன்று விதியைப் படிக்காதவர்களும் இதைச் செய்தார்கள், ஏனென்றால் ஏற்றத்தில் நின்றுபோன வண்டியின் பாட்டை எல்லோரும் பட்டிருந்தோம்.

அன்று வேகத்துக்கும் எண்ணிக்கைக்கும் எல்லை வைத்தது வண்டி. இப்போது வண்டி எல்லை வைப்பதில்லை. ஆகவே ஓட்டுபவர் வைக்க வேண்டும், அவர் வைக்காத இடத்தில் சட்டம் வைக்கிறது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உயர் நீதிமன்றம் எண்ணையே வகுத்தது. 2025 நவம்பரில் வால்பாறைக்கும் இ-பாஸ் வந்துவிட்டது. திம்பம் வழியிலும் பந்திப்பூரிலும் இரவுப் போக்குவரத்துக்குத் தடை. பைக்காரர்கள் பலர் இதை நொந்துகொள்கிறார்கள். நான் நீதிமன்றத்தின் பக்கம்.

காரணத்தைப் பார்க்க வால்பாறைக்குள் நுழையுமுன் புதுத்தோட்டத்தில் நில்லுங்கள். தேயிலைக்கு நடுவே துண்டுபட்ட காட்டில் சிங்கவால் குரங்குகள் வாழ்கின்றன. மரத்தைவிட்டு இறங்க விரும்பாத விலங்கு அது, ஆனால் சாலை காட்டை வெட்டிவிட்டதால் தரையிறங்கிக் கடக்க வேண்டியிருக்கிறது, வண்டியில் அடிபடுகிறது. சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பழைய தீயணைப்புக் குழாய்களால் பாலம் கட்டியிருக்கிறார்கள், போக்குவரத்தை நிறுத்திக் குரங்குகளைக் கடக்கவிட ஆட்களும் நிற்கிறார்கள். அந்த ஆட்கள் கை காட்டும்போதும் சில பைக்குகள் விலகி முந்திப் போகின்றன. யானைகளும் தோட்டங்களின் வழியாகத்தான் நடக்கின்றன. அவை எங்கே நிற்கின்றன என்று மக்களுக்குக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்குகளாலும் சொல்லும் ஏற்பாட்டை உருவாக்கியதற்காகவே ஆய்வாளர் ஆனந்தகுமாருக்கு 2015-இல் விட்லி விருது கிடைத்தது. அப்படிச் சிவப்பு விளக்கு எரியும் ஊரில், சைலன்சரை மாற்றிய பைக் ஒன்று ராத்திரியில் உறுமிக்கொண்டு போனால் அது யாருக்கெல்லாம் ஆபத்து என்று யோசியுங்கள். ராத்திரி அந்த வழியில் வீடு திரும்புகிறவர்கள் தேயிலை பறிக்கும் தொழிலாளர்கள்.

இளையவர்களிடம் மலைக்குப் போகாதீர்கள் என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன். போங்கள், முடிந்தால் வார நாளில் போங்கள். கம்பெனி கொடுத்த சைலன்சரோடு போங்கள். வண்டி கேட்காவிட்டாலும் ஒன்பதாவது வளைவில் நிறுத்தி என்ஜினை அணையுங்கள். வரையாட்டுக்கும் குரங்குக்கும் தின்பண்டம் போடாதீர்கள். இறங்கும்போது இன்டர்காமை அணைத்துவிட்டு, ஏறின கியரிலேயே இறங்குங்கள், எதிரே ஏறிவரும் பேருந்துக்கு ஒதுங்கி நில்லுங்கள். மாலை ஐந்து மணிக்குள் ஆழியாறு வந்து சேரும்படி கிளம்பிவிடுங்கள். அதற்குப் பிறகு அந்தச் சாலை யானைகளுக்கும் அந்த ஊர்க்காரர்களுக்கும் வேண்டும்.