எல்லையைக் காட்டியது யார்?

நில அளவையாளர்களுக்கும் வரைபட நிபுணர்களுக்கும் நடத்தப்படும் பயிற்சிப் பட்டறைகளைப் பற்றிப் பெண்கள் சஞ்சிகையில் எழுத என்ன இருக்கிறது என்று வாசகிகள் சிலர் நினைக்கக்கூடும். ‘சர்வேயர்’ வருகிறார் என்றால் நமது வீடுகளில் பெண்களுக்குள்ள வேலை தேநீர் ஊற்றுவதும் மதியச் சாப்பாட்டுக்கு அரிசி கூடப் போடுவதும்தான். வேலியோரம் நடந்து கல்லைக் காட்டுவது கணவனோ, அண்ணனோ, அவர்களும் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு ஐயாவோதான். காணி உறுதி பெண்ணின் பெயரில் இருந்தாலும் வழக்கம் இதுவே.

இப்படியான ஒரு பட்டறையில் ‘சமூகப் பக்கம்’ என்ற தலைப்பில் ஒரு மணித்தியாலம் பேசும்படி என்னை அழைத்திருந்தார்கள். இரண்டு நாள் பட்டறை. வந்திருந்த 30 பேரில் 4 பேர் பெண்கள். என்னுடைய நேரம் இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. நித்திரை வரும் நேரத்தைத்தான் சமூகத்துக்கு ஒதுக்குவார்கள் என்பது எனக்குப் பழக்கமானது. ஆனால் முதல் நாள் காலையே போய்ப் பின்வரிசையில் அமர்ந்துகொண்டேன். போனது நல்லதாயிற்று.

இந்தத் தொழிலில் ஒருமுறை படித்ததோடு கதை முடிவதில்லை. தியத்தலாவையிலுள்ள நில அளவைப் பயிற்சி நிறுவகத்திலோ, சப்ரகமுவ பல்கலைக்கழகத்திலோ பட்டம் பெற்று, 2002 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நில அளவைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்தவர்களும் திரும்பத் திரும்பப் படிக்கத்தான் வேண்டியிருக்கிறது. நமது தாத்தாமாரின் காணிகள் சங்கிலியால் அளக்கப்பட்டவை. ஒரு சங்கிலி 66 அடி, அதில் 100 கண்ணிகள். பிறகு தியோடலைட் வந்தது, டோட்டல் ஸ்டேஷன் வந்தது, இப்போது செய்மதி உதவியுடன் சில சென்ரிமீற்றர் துல்லியத்தில் ஒரு கல்லின் இடத்தைச் சொல்லிவிடலாம். ட்ரோன் மேலே பறந்து படம் பிடிக்கிறது.

நாடு முழுவதற்குமான அளவை அடிப்படையே மாறியிருக்கிறது என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நமது தேசிய வரைபடக் கட்டங்களுக்கு மூலப்புள்ளி பீதுருதாலகால மலையுச்சி. பழைய முறையில் அந்தப் புள்ளிக்குக் கொடுத்திருந்த எண் 2,00,000 மீற்றர். 1999 இல் வந்த புதிய முறையில் அதுவே 5,00,000 மீற்றர். பழைய வரைபடத்தையும் புதிய வரைபடத்தையும் பக்கத்தில் வைத்து எண்கள் ஒத்துவரவில்லையே என்று யாரும் பதறத் தேவையில்லை. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றும் கணக்கு உண்டு. காலை முழுவதும் அந்தக் கணக்குத்தான் நடந்தது. எனக்குப் பாதிகூட விளங்கவில்லை. ஆனால் அரை அடி பிசகக்கூடாது என்று அவர்கள் பட்ட பாட்டைப் பார்க்க மரியாதை வந்தது.

மறுநாள் என் முறை வந்தபோது ஒரே ஒரு கேள்வியோடு தொடங்கினேன்: “நீங்கள் கடைசியாக அளந்த காணியில் எல்லையைக் காட்டியது யார்?”

ஒருவர் “வீட்டுக்காரர்” என்றார். இன்னொருவர் “மகன்” என்றார். “உறுதி யார் பெயரில்?” என்று கேட்டதும் மண்டபம் சற்று அமைதியானது. தலை நரைத்த அனுபவசாலி ஒருவர் எழுந்து, “மிஸ், காட்டுகிற எல்லையைத்தான் நாங்கள் அளக்கிறோம். உரிமை யாருக்கு என்று தீர்மானிப்பது எங்கள் வேலையில்லை, அதற்கு நீதிமன்றம் இருக்கிறது” என்றார்.

அவர் சொன்னது சட்டப்படி சரி. ஆனால் நீதிமன்றத்தின் மேசைக்குப் போவது அவருடைய அறிக்கை. 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரப்பட்டால், நீதிமன்றம் ஒரு நில அளவையாளருக்குக் கட்டளை கொடுத்துக் காணிக்கு அனுப்புகிறது. அளக்கும் நாளைக் காணியில் அறிவித்தலாக வைக்க வேண்டும், பறை அடித்தும் அறிவிக்க வேண்டும். அன்றைய தினம் கிணறு, கட்டடம், வேலி, மரங்கள் எல்லாம் குறிக்கப்படுகின்றன. அங்கே வந்து ‘இது என்னுடையது’ என்று உரிமை கோரியவர்களின் பெயர்களும் அறிக்கையில் சேர்கின்றன. அன்று வாய் திறக்காதவர் பிறகு நீதிமன்றத்தில் பேசலாம்தான். ஆனால் அறிக்கையில் ஏறிவிட்ட ஒன்றை மாற்றுவது எவ்வளவு பெரிய பாடு என்பது அதில் இறங்கியவர்களுக்குத்தான் தெரியும்.

எங்களிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு சகோதரியின் கதையை அங்கே சொன்னேன். கணவனை இழந்தவர். தாய் தகப்பன் விட்டுப்போன காணியில் அவருக்கும் தமையனுக்கும் பங்கு. குவைத்தில் ஆறு வருடம் வீட்டுவேலை செய்து அனுப்பிய காசில்தான் அந்த வளவில் கிணறு வெட்டிக் கட்டினார்கள். வழக்குக்காக அளக்க வந்த அன்று இவர் அடுப்படியில் நின்றார். தமையன் வளவைச் சுற்றிக்காட்டிக் கிணறும் தன்னுடையது என்று சொல்ல, அப்படியே பதிவாயிற்று. அளந்தவரில் பிழையில்லை. சொன்னதை எழுதினார். அவ்வளவு பக்கத்தில் நின்றவரை யாரும் கேட்கவில்லை. பணம் அனுப்பிய துண்டுகளைத் தேடிப் பிடிக்க அந்தச் சகோதரி எத்தனை நாள் அலைந்தார்!

கிழக்குக் கரையோரத்தின் கதை இன்னும் பெரிது. அங்கே முஸ்லிம்களிடமும் தமிழரிடமும் வீடு வளவு பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கப்படுவது நீண்டநாள் வழக்கம். திருமணமானதும் கணவன் மனைவியின் வீட்டுக்கு வருவார். 2004 டிசம்பர் 26 இல் வந்த சுனாமி வீட்டையும் வேலியையும் எல்லைக்கற்களையும் சேர்த்து அள்ளிப்போனது. அதன்பின் புதிய காணியும் வீடும் வழங்கப்பட்டபோது ‘குடும்பத் தலைவர்’ என்ற கூட்டில் கணவனின் பெயர் ஏற, தாய்வழி வந்த சொத்தைப் பல பெண்கள் காகிதத்தில் இழந்தார்கள்.

அரச காணிகளுக்கான 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும் இதே போக்கில்தான் இருந்தது. பின்னுரித்தாளரை நியமிக்காமல் அனுமதிப்பத்திரக்காரர் இறந்தால், மகன் இருக்க மகளுக்கு இடமில்லை. 2022 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வரும்வரை இதுவே நடைமுறை. சட்டம் மாறிவிட்டது என்று அறியாத பெண்களை இன்றும் கிராமங்களில் சந்திக்கிறேன்.

பட்டறையில் ஒருவர், “நல்ல தொழில்நுட்பம் வந்தால் இந்தப் பிரச்சினைகள் தானாகத் தீரும்” என்றார். இதை நான் ஏற்கவில்லை. ருவாண்டாவை உதாரணம் காட்டினேன். 2009 முதல் 2013 வரை அந்த நாடு ஒரு கோடிக்கும் மேற்பட்ட காணித் துண்டுகளை எல்லை குறித்துப் பதிவு செய்தது. கிராமத்து இளைஞர்களுக்கும் யுவதிகளுக்கும் குறுகிய பயிற்சி கொடுத்து, வானிலிருந்து எடுத்த படத்தைக் கையில் தந்து, அயலவர் முன்னிலையிலேயே எல்லைக்கோடு போட வைத்தார்கள். மிகப் பெரிய சாதனை. சட்டப்படி பதிவுத் திருமணம் செய்த மனைவியரின் பெயர்கள் கணவனோடு சேர்ந்து பதிவாயின. ஆனால் திருமணம் பதிவு செய்யாமல் குடும்பம் நடத்திய பெண்கள் பலர் முன்னைவிடப் பலவீனமான நிலைக்குப் போனார்கள். கோடு சரியாகத்தான் விழுந்தது, பெயர்தான் விழவில்லை.

நில அளவையாளர்களின் சர்வதேசச் சம்மேளனம் 1878 இல் தொடங்கிய பழைய அமைப்பு. பெண்களின் காணி உரிமை பற்றித் தனது உறுப்பினர்களுக்கு வழிகாட்டி ஒன்றை 2001 இலேயே அது வெளியிட்டது. ஆகவே நான் அன்று கேட்டது புதிய சங்கதி ஒன்றுமல்ல.

அன்று எனக்கு மிகவும் பிடித்தது, வந்திருந்த நால்வரில் ஓர் இளம் நில அளவையாளர் சொன்னதுதான். “எல்லை எங்கே என்று அம்மாக்களிடம் கேட்டால், பக்கத்தில் நிற்கிற ஆண் பதில் சொல்லிவிடுவார். அதனால் நான் மரத்தைப் பற்றிக் கேட்பேன். ‘இந்த மாமரம் யார் நட்டது அம்மா? இந்தக் கதியால் எப்போது போட்டது?’ என்று கேட்டால், வேலி எந்த வருடம் எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதுவரை சொல்வார்கள். பிறகு அவர்களையே கூட்டிக்கொண்டு நடப்பேன்.” எந்தப் பாடப்புத்தகத்திலும் இப்படி ஒரு வழி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நரைத்த தலைக்காரரும் இதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

இனி நமது பங்கு. உங்கள் காணியோ, உங்களுக்குப் பங்குள்ள காணியோ அளக்கப்படும் நாளை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அன்று சமையலை வேறு யாரிடமாவது விடுங்கள், இல்லாவிட்டால் கடையில் பாண் வாங்குங்கள். உறுதியின் பிரதியையும் பழைய பிளான் இருந்தால் அதையும் கையில் வைத்திருங்கள். உறுதியின் அட்டவணையில் நான்கு எல்லையும் எழுதியிருக்கும். வடக்கே யார் காணி, கிழக்கே எந்த ஒழுங்கை என்று முதல்நாளே வாசித்து, வளவைச் சுற்றி நடந்து பாருங்கள். அதில் எழுதிய அயலவர் இறந்து காணி கைமாறியிருந்தால், இப்போது அது யாருடையது என்று தெரிந்து வையுங்கள். பரப்பு, பேர்ச் என்று வந்தால் குழம்ப வேண்டாம். யாழ்ப்பாணக் கணக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கர், 160 பேர்ச்சும் ஓர் ஏக்கர்தான். ஆகவே ஒரு பரப்பு 10 பேர்ச்.

நீங்கள் கட்டியது, நட்டது, வெட்டியது எதுவானாலும் அளப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வழக்குக் காணி என்றால் அதை எழுதச் சொல்லுங்கள். பிளான் கைக்கு வந்ததும் இலக்கம், திகதி, நில அளவையாளரின் கையொப்பம் மூன்றும் இருக்கிறதா என்று பார்த்துப் பிரதியொன்றை வேறிடத்தில் வையுங்கள். சுனாமியிலும் யுத்தத்திலும் உறுதிப் பெட்டியை இழந்த குடும்பங்களுக்கு இதை நான் சொல்லித் தரத் தேவையில்லை.

பட்டறை முடிந்து புறப்படும்போது, அடுத்த தடவை மண்டபத்துக்குள் பேசாமல் களப்பயிற்சிக்கு வரும்படி ஏற்பாட்டாளர்கள் கேட்டார்கள். சம்மதித்தேன். பயிற்சிக்குத் தெரிவு செய்யும் காணியின் உறுதி ஒரு பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும், அவரே வந்து எல்லையைக் காட்ட வேண்டும் என்று மட்டும் கேட்டிருக்கிறேன். காணி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.