இடுப்புக்குள் பீங்கான்: உடைந்துவிடாதா?

“பீங்கான் என்றால் கைதவறினால் உடைந்துவிடுமே, டாக்டர்! அதையா அம்மாவின் இடுப்பில் வைக்கப்போகிறீர்கள்?”

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு முன்னர் குடும்பத்தாருடன் அமர்ந்து பேசும்போது நாங்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. கேள்வி நியாயமானதே. ‘உடையாது’ என்று ஒற்றைச் சொல்லில் விடையளிப்பது எளிது. ஆனால் அது முழு உண்மையாகாது. எனவே இவ்விதழில் சற்று விரிவாகவே விளக்க முற்படுகிறோம்.

ஏன் பீங்கான்?

இடுப்பு மூட்டு, கிண்ணத்துள் சுழலும் பந்தைப் போன்றது. இயல்பாக நடக்கும்போதே அதன்மீது உடல் எடையைப்போல் சுமார் இரண்டரை மடங்கு விசை விழுகிறது. செயற்கை மூட்டில் உலோகப் பந்து பிளாஸ்டிக் கிண்ணத்தோடு ஆண்டுக்கணக்கில் உராயும்போது, கண்ணுக்குப் புலப்படாத பிளாஸ்டிக் துகள்கள் உதிர்கின்றன. உடலின் பாதுகாப்பு அணுக்கள் அவற்றை அழிக்க முற்படுகையில் அருகிலுள்ள எலும்பும் கரைகிறது, மூட்டு தளர்கிறது.

இதற்கு மாற்றாக, 1970ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் பியேர் பூத்தான் அலுமினாவால் ஆன மூட்டைப் பயன்படுத்தினார். அலுமினா என்பது அலுமினியத்தின் ஆக்சைடு. மாணிக்கமும் நீலக்கல்லும் அடிப்படையில் இதே பொருள்தான். மிகக் கடினமானது, கண்ணாடிபோல் மெருகேறக்கூடியது, மிகக் குறைவாகவே தேய்வது.

சூளை தரும் வலிமை

தேநீர்க் கோப்பை களிமண்ணிலிருந்து பிறக்கிறது. மருத்துவப் பீங்கானோ மிகத் தூய்மையான ஆக்சைடுத் தூளிலிருந்து உருவாகிறது. தூளை அச்சில் அழுத்தி, 1,400 முதல் 1,600 டிகிரி செல்சியஸ் வரை வெப்பமுள்ள உலையில் இடுகிறார்கள். அங்கே தூளின் மணிகள் ஒன்றோடொன்று இணைகின்றன, இடைவெளிகள் மூடிக்கொள்கின்றன, பொருள் சுருங்கி இறுகுகிறது.

உலோகம் அளவுக்கு மீறிய விசைக்கு வளைந்து கொடுக்கும், பீங்கான் வளையாது. அதனுள் எங்கேனும் ஒரு நுண்துளையோ, அளவுக்கு மீறி வளர்ந்த மணியோ இருந்தால், விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். தொடக்ககால அலுமினா மூட்டுகளில் சில உடைந்ததற்கு இத்தகைய குறைகளே முக்கியக் காரணம்.

விரிசலைத் தடுக்க உதவியது மற்றொரு ஆக்சைடான சிர்க்கோனியா. தூய சிர்க்கோனியாவைச் சூளையிலிருந்து ஆறவிடும்போது அதன் படிக அமைப்பு மாறுகிறது. பருமன் நான்கைந்து விழுக்காடு கூடி, பொருள் தானே வெடித்துவிடும். சிறிதளவு இட்ரியம் ஆக்சைடைச் சேர்த்தால் இம்மாற்றத்தைத் தடுத்து நிறுத்தலாம். பின்னர் விரிசல் ஒன்று தோன்றினால், அதன் முனையிலுள்ள படிகங்கள் மட்டும் உருமாறி விரிந்து, விரிசலை நெருக்கி நிறுத்துகின்றன. 1975இல் இப்பண்பை விளக்கிய ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், ‘பீங்கான் எஃகோ?’ என்று வியக்கும் தலைப்பையே தம் கட்டுரைக்கு இட்டனர்.

2001 கற்பித்த பாடம்

ஆனால் இந்த வரத்துக்கு ஒரு விலை உண்டு. ஈரமான சூழலில் சிர்க்கோனியாவின் மேற்பரப்புப் படிகங்கள் காலப்போக்கில் தேவையின்றியும் உருமாறக்கூடும். நம் உடலின் உட்புறமோ எப்போதும் ஈரமானது. 1998இல் உற்பத்தியாளர் ஒருவர் சூளையின் வகையை மாற்றினார். மூலப்பொருள் மாறவில்லை, வேகவைத்த முறை மட்டுமே மாறியது. அச்சூளையில் உருவான சில தொகுதிப் பந்துகள் நோயாளிகளின் உடலுக்குள் உடையத் தொடங்கின. 2001இல் அவை பல நாடுகளில் திரும்பப் பெறப்பட்டன.

பீங்கானின் வலிமை அதன் பெயரில் இல்லை. அது உருவாக்கப்பட்ட விதத்திலும் சோதிக்கப்பட்ட விதத்திலும்தான் இருக்கிறது என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

இன்று பெரும்பாலும் பயன்படுவது, அலுமினாவுக்குள் சிர்க்கோனியாவின் நுண்மணிகளைப் பரப்பிய கலப்புப் பீங்கான். அலுமினா கடினத்தையும், சிர்க்கோனியா விரிசல் தடுப்பையும் தருகின்றன. மின்னணு நுண்ணோக்கியால் மணிகளின் அளவையும், எக்ஸ் கதிர்களால் படிக அமைப்பையும் ஆய்கிறார்கள். பந்துகளை உடலில் ஏற்படுவதைவிட மிகுந்த அழுத்தத்துக்கு உட்படுத்தி, தாங்கியவற்றை மட்டும் அனுப்புகிறார்கள். இவற்றால் உடைவது இன்று அரிதாகியுள்ளது. அரிது என்கிறோம், அறவே இல்லை என்று சொல்லமாட்டோம்.

நீங்கள் செய்யவேண்டியவை

எல்லோருக்கும் முழுப் பீங்கான் மூட்டு தேவையில்லை. மேம்பட்ட பிளாஸ்டிக் கிண்ணங்களில் தேய்மானம் முன்பைவிட வெகுவாகக் குறைந்துள்ளது. வயது, உடலுழைப்பு, எலும்பின் நிலை, செலவு ஆகியவற்றை ஒருங்கே எண்ணி முடிவெடுக்கலாம். எந்த வகை மூட்டு, ஏன் என்று எங்களிடம் தயங்காமல் கேளுங்கள்.

மூட்டின் பெயரும் தொகுதி எண்ணும் உள்ள அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். ஒருவேளை ஒரு தொகுதி திரும்பப் பெறப்பட்டால், உங்களை அடையாளம் காட்டுவது அந்த எண்தான். வீட்டில் இன்னொருவரும் அதன் படியொன்றை வைத்திருப்பது நல்லது.

திடீர் வலி, நொறுங்குவது போன்ற ஓசை, புதிதாகக் கேட்கும் கிறீச்சொலி ஆகியவற்றில் எது தோன்றினாலும், கீழே விழுந்த பின் நடக்க இயலாவிட்டாலும் உடனே வாருங்கள். கிறீச்சொலி மட்டும் கேட்டால் மூட்டு உடைந்துவிட்டது என்று பொருளல்ல. எனினும் பரிசோதித்தே அறியவேண்டும். உண்மையில் உடைந்திருந்தால் தாமதம் கேடு விளைவிக்கும். சில்லுகளை இயன்றவரை அகற்றி, மீண்டும் பீங்கான் பந்தையே பொருத்துவது வழக்கம். உலோகப் பந்து பொருத்தினால், எஞ்சிய நுண்சில்லுகள் அதை அரித்துவிடும்.

அந்த மகனிடமும் நாங்கள் இதையேதான் கூறினோம். “அப்படியானால் அந்த அட்டையை நானே வைத்துக்கொள்கிறேன்” என்றார் அவர். அதுவே சரியான தொடக்கம்.