துருவே கவசம்

நனைந்த அரிவாளைத் துடையாது வைத்துவிட்டால், மறுநாள் அதன்மேல் செந்நிறப் பொடி படிந்திருத்தலைக் காண்கிறோம். அதுவே துரு. நாளடைவில் அஃது உள்ளே புகுந்து இரும்பையே தின்றுவிடும். ஆயின், தன் துருவையே தனக்குக் கவசமாகப் பூணும் எஃகும் உண்டு என்றால் வியப்பன்றோ!

அதன் பெயர் கார்ட்டென். 1933ஆம் ஆண்டில் அமெரிக்க எஃகு நிறுவனமொன்று அதனை விற்பனைக்குக் கொணர்ந்தது. நிலக்கரி ஏற்றும் இரயில் பெட்டிகளுக்கே முதலில் அது பயன்பட்டது. செம்பு, குரோமியம் முதலியன சிறிதளவு கலந்திருத்தலால், இதன்மேல் தோன்றும் துரு உதிராமல் நெருங்கி ஒட்டிக்கொள்கிறது. ஆனால், இதற்கு ஒரு முறை வேண்டும். மழை நனைக்க வேண்டும். பின்னர்க் காற்றும் வெயிலும் உலர்த்த வேண்டும். இவ்வாறு நனைதலும் உலர்தலும் மாறிமாறி நிகழ, சில ஆண்டுகளில் மேற்பரப்பு கருஞ்சிவப்பாகி இறுகுகிறது. அதன்பின் துருவேறும் விரைவு மிகக் குறைந்துவிடுகிறது. இந்நிறத்தை அழுக்கென்று வெறுப்பார் உளர். எனக்கோ அது செம்மண் நிலம்போல் இனிதாகவே தோன்றுகிறது. குப்பை அடைந்து ஓயாது ஈரம் தங்கும் மூட்டுகளில் மட்டும் இக்கவசம் அமைவதில்லை.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மலைநாட்டில், நியூ ஆற்றின் பள்ளத்தாக்குக்குக் குறுக்கே 1977இல் ஒரு பாலம் திறக்கப்பட்டது. அதன் வளைவு ஒரே வீச்சில் 518 மீட்டர் நீளமுடையது. பாதையோ ஆற்றுக்கு மேல் 267 மீட்டர் உயரத்தில் உள்ளது. அத்தனை உயரத்தில் தொங்கி வண்ணம் பூசுவது எத்துணை இடர் என எண்ணிப் பாருங்கள்! அவ்விடரைத் தவிர்க்கவே அப்பாலத்தை இவ்வெஃகினால் அமைத்தனர். கடலுக்கு நெடுந்தொலைவிலுள்ள அம்மலைக்காற்றில் துருவே பூச்சாக நின்று பாலத்தைக் காத்து வருகிறது.

அதற்கு இரண்டாண்டு முன்னர், 1975இல், ஹவாய்த் தீவுகளில், ஹொனலுலு நகருக்கருகே அலோஹா விளையாட்டரங்கைத் திறந்தனர். அதையும் இவ்வகை எஃகினாலேயே கட்டியிருந்தனர். ஆனால், அங்கே வீசுவது கடற்காற்று. அது கொணரும் உப்பு எஃகின்மேல் படிந்து, மழையில்லாத போதும் ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும். துருவின் இறுக்கத்தைக் குலைத்து, ஏடு ஏடாக உரியச் செய்யும். கவசம் இறுகவே இல்லை. வண்ணம் பூசா எஃகென்று பெருமை பெற்றதற்கு வண்ணமும் பூச நேர்ந்தது. பழுதுபார்க்கும் செலவு பெருகிற்று. 2020 டிசம்பரில் அங்கே புதிய நிகழ்ச்சிகள் நிறுத்தப்பட்டன.

உப்புக் காற்றிலும் ஒரு நுட்பம் உண்டு. மழை நேரே படும் முகங்களில் உப்புக் கழுவப்பட்டுவிடும். மழைபடாத அடிப்புறமே மிகுதியாக அரிபடும். ஆதலின், இக்காலத்தில் பாலம் கட்டுவோர் முதலில் காற்றின் உப்பை அளந்தறிகின்றனர். ஜப்பானில், 100 சதுரச் சென்டிமீட்டர் பரப்பில் நாளொன்றுக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் உப்புப் படியும் இடங்களில், சாதாரணக் கார்ட்டென் வகை எஃகை வண்ணம் பூசாமல் பயன்படுத்துவதில்லை.