கடலைப் பொட்டலமும் குழந்தையின் மூச்சும்

புது தில்லி: குளிர்காலம் வந்துவிட்டால் தில்லி புசா ரோடு பகுதியில் வேர்க்கடலை வண்டிகள் முளைத்துவிடும். கடலைக் குவியலின் மீது கங்கு நிரம்பிய மண்சட்டி புகையும். இங்குள்ள தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியின் மாணவர்கள் கொறிப்பதில் தவறில்லை. அதே கடலை, வீட்டிலுள்ள 2 வயதுக் குழந்தையின் கைக்குப் போவதில்தான் ஆபத்து.

இந்தியாவில் குழந்தைகளின் மூச்சுக் குழாயில் அதிகம் சிக்கும் பொருள் வேர்க்கடலையே. மூன்று வயதுக்கு உட்பட்டோருக்குக் கடைவாய்ப் பற்கள் முழுமையாக முளைத்திருப்பதில்லை. சிரிக்கும்போதோ, ஓடும்போதோ வாயிலுள்ள பருப்பு மூச்சுக் குழாய்க்குள் இறங்கிவிடுகிறது. வலது கிளை அகலமாகவும் நேராகவும் இருப்பதால் பெரும்பாலும் அங்குதான் சிக்குகிறது.

முதலில் கடும் இருமல், பிறகு அமைதி. இந்த அமைதிதான் பெற்றோரை ஏமாற்றுகிறது. கடலை எக்ஸ்-ரேயில் தெரிவதில்லை. ஈரத்தில் ஊறிப் பருத்து, சில நாள்களில் காய்ச்சலையும் இளைப்பையும் தருகிறது. ஆஸ்துமா, நிமோனியா என்று சிகிச்சை நீள்வதும் உண்டு. கேரளத்தின் கண்ணூர் அரசு மருத்துவக் கல்லூரியில் 2021-ஆம் ஆண்டு ஒரு பெண்ணின் மூச்சுக் குழாயிலிருந்து எடுக்கப்பட்ட விசில், 25 ஆண்டுகள் உள்ளேயே இருந்தது.

ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் 1897-இல் மருத்துவர் குஸ்தாவ் கிலியன், விவசாயி ஒருவரின் மூச்சுக் குழாயில் சிக்கிய எலும்புத் துண்டை வாய்வழியே குழாய் செலுத்தி எடுத்தார். அதன் வளர்ச்சியே பிராங்கோஸ்கோப். குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்து, உலோகக் குழாய் வழியே சிறு இடுக்கியால் பொருளை எடுக்கின்றனர். பெரும்பாலும் கத்திக்கு வேலையில்லை.

அடைப்பு ஏற்பட்டும் குழந்தை பலமாக இருமினால் இருமவிட வேண்டும். குரலும் மூச்சும் நின்றால் முதுகில் ஐந்து முறை தட்ட வேண்டும். பலனில்லையெனில், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு நெஞ்சிலும், மூத்த குழந்தைக்கு மேல் வயிற்றிலும் ஐந்து முறை அழுத்த வேண்டும். உடனே 112-ஐ அழைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல்விட்டுத் துழாவக் கூடாது.

நாடாளுமன்றம் இயற்றிய 2016-ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணய அமைவனச் சட்டத்தின் கீழ், 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. கழன்று விழும் சிறு பாகங்களுக்கும் இதன் தர விதிகளில் கட்டுப்பாடு உண்டு. பொம்மைக்கு முத்திரை வந்துவிட்டது. கடலைக்கு எந்தச் சட்டமும் காவல் நிற்க முடியாது. அந்தக் காவல் வீட்டில் உள்ளவர்களின் பொறுப்பு.